தோலில் கொப்புளம், தொண்டையில் தழும்பு: எல்லையோரத் தாய் ஒருவரின் கேள்வி

கேள்வி: மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் தமிழ்நாடு-ஆந்திர எல்லையில், நகரிக்குப் பக்கத்து ஊர். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். அவர் என் அம்மாவின் தம்பி, எனக்குச் சொந்தத் தாய்மாமன். மகனுக்கு ஏழு வயது ஆகிறது. பிறந்த அன்றே வலது காலில் தோல் இல்லாமல் சிவப்பாக இருந்தது. அன்றிலிருந்து லேசாக உரசினாலே கொப்புளம் வருகிறது. உடைந்து ஆறினால் தழும்பாகிறது. கால் நகம் எல்லாம் விழுந்துவிட்டது. இடது கையில் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டு மடங்குகின்றன. ஒரு டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார், ஒரு வருடமாகக் கொடுத்து வருகிறோம். மாமியார் இது சர்ப்ப தோஷம் என்கிறார். காளஹஸ்தியில் இரண்டு முறை பூஜை செய்தோம். நான் கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி என்று ஊரில் பேசுகிறார்கள். விரலுக்குப் புத்தூர் கட்டு போடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். என் தங்கையை வீட்டுக்காரரின் தம்பிக்கே பேசியிருக்கிறார்கள், அவர்களுக்கும் இப்படிப் பிறக்குமா? நாங்கள் இன்னொரு பிள்ளை பெறலாமா? ஜெர்மனியில் ஒரு பையனுக்குத் தோலையே மாற்றினார்களாமே, அது இங்கே கிடைக்குமா? இன்னொன்று, களி சாப்பிட்டால் நெஞ்சுக்கு மேலே நிற்கிறது என்கிறான்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, களி நெஞ்சுக்கு மேலே நிற்கிறது என்று. நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் தேடலாம். இதற்கு இந்த மாதமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பையனை நான் பார்க்கவில்லை. கடிதத்தை வைத்து எந்த மருத்துவரும் நோயை உறுதி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனாலும் பிறந்த அன்றே காலில் தோல் இல்லாதது, உரசினால் கொப்புளம், ஆறினால் தழும்பு, விழுந்த நகம், ஒட்டும் விரல், இப்போது தொண்டை என்று நீங்கள் வரிசையாக எழுதியிருப்பது எல்லாம் ஒரே திசையைக் காட்டுகிறது. அதன் பெயர் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. சுருக்கமாக ஈ.பி. என்போம். அதில் டிஸ்ட்ரோஃபிக் என்ற வகை, தழும்பு விழும் வகை. பெற்றோர் இருவரும் நன்றாக இருந்து பிள்ளைக்கு மட்டும் வரும் பிரிவாகத்தான் இது பெரும்பாலும் இருக்கும்.

உங்கள் வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இரண்டு துணியை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் பிரியாது. தையல் நூல் இல்லையென்றால் மேல்துணி நழுவும். நம் தோலும் இரண்டு அடுக்குதான். மேல்தோலையும் அடித்தோலையும் பிடித்துவைக்கிற நூலை ஏழாம் வகைக் கொலாஜன் என்கிற புரதம் உண்டாக்குகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணு நம் மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது, சி.ஓ.எல்.7.ஏ.1 என்று பெயர். அது பழுதானால் நூல் இல்லை. தோளைப் பிடித்துத் தூக்கினால், சட்டைக் காலர் உரசினால், மேல்தோல் நழுவி நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். கிழிவது ஆழமான இடத்தில் என்பதால் ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்பின் குணம் உங்களுக்குத் தெரியும். தீக்காயம் பட்டவர் கழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அது சுருங்கும், பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு சுருங்கும்.

அதே நூல் வாய்க்குள்ளும் உணவுக்குழாயிலும் ஆசனவாயிலும் கண்ணின் மேற்பரப்பிலும் இருக்கிறது. அதனால்தான் வெளியே நடப்பது உள்ளேயும் நடக்கிறது. கெட்டியான ஒரு கவளம் உணவுக்குழாயின் மேல்பகுதியில் உரசும், கொப்புளம் வரும், உடையும், ஆறும், தழும்பாகும். மறுபடி அதே இடம். சில வருடங்களில் அந்த இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு வளையம் விழுந்து பாதை குறுகிவிடும். தோலில் இருக்கும் புண்ணைத் தினமும் பார்க்கிறீர்கள், இதை யாரும் பார்ப்பதில்லை. பிள்ளை சாப்பிட அடம் பிடிக்கிறான் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் எடுப்பது, எச்சில் வழிவது, ராத்திரி படுத்தால் இருமல், எடை ஏறாதது. இவையெல்லாம் இருக்கின்றனவா என்று இன்றைக்கே கவனியுங்கள். எச்சிலையே விழுங்க முடியவில்லை என்றால் அது அவசரம், அன்றே கிளம்ப வேண்டும்.

மருத்துவமனையில் முதலில் பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். வெள்ளையாகப் பால் மாதிரி இருக்கும், குடிக்கும்போதே படத்தில் எங்கே குறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். எண்டோஸ்கோப்பிக் குழாயை முதலில் உள்ளே விடுவதைவிட இந்தப் பிள்ளைகளுக்கு இதுதான் பாதுகாப்பு. குழாய் உரசினால் புதுப்புண் வரும். குறுகல் உறுதியானால் மயக்கம் கொடுத்து, சிறிய பலூனை அந்த வளையத்துக்குள் வைத்து ஊதி விரிப்பார்கள். பழைய முறையில் கெட்டியான குழாயைத் தள்ளி விரிப்பார்கள், அது வேண்டாம், பலூன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பலூன் பக்கவாட்டில் விரிவதால் உரசல் குறைவு. நான் அனுப்பிவைத்த ஒரு சிறுமி பலூன் வைத்த மறுநாள் ஒரு முழு இட்லி சாப்பிட்டாள். அவள் அம்மா அந்தத் தட்டைக் கழுவாமல் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். இதை ஒரு தடவையோடு முடிகிற வேலை என்று எண்ண வேண்டாம். சில மாதத்திலோ சில வருடத்திலோ மறுபடி குறுகும், மறுபடி விரிக்க வேண்டும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றை இன்றே மாற்றுங்கள். நானும் உங்கள் பக்கத்து ஆள்தான், பள்ளிப்பட்டில் வளர்ந்தவன். களியை, தெலுங்கில் சங்கடி என்பதை, எப்படிச் சாப்பிடுவோம் என்று எனக்குத் தெரியும். உருண்டை பிடித்து, நடுவில் குழி செய்து, வேர்க்கடலைத் துவையலில் தொட்டு, மெல்லாமல் அப்படியே விழுங்குவோம். மெல்லாமல் விழுங்குவதுதான் ருசி என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு அந்த உருண்டை ஆகாது. ராகியை விடவே வேண்டாம், நல்ல சத்து. கூழாகக் கரைத்து, மோர் விட்டு, ஆறவைத்துக் கொடுங்கள். வேர்க்கடலையை வழவழப்பாக அரைத்துக் கலக்கலாம். காரம் அறவே வேண்டாம். நம் பக்கத்து மிளகாய்க் காரம் புண்பட்ட வாயில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. முறுக்கு, மீன் முள், ரொட்டியின் மொறுமொறு ஓரம், கொதிக்கக் கொதிக்கக் காபி, இவை எல்லாம் தொண்டைக்குள் புண்ணைக் கிளப்பும். முட்டை, நெய் விட்டு மசித்த பருப்புச் சாதம், தயிர், வாழைப்பழம் தாராளமாகக் கொடுங்கள். புண் வழியாக ரத்தமும் புரதமும் தினம் வெளியே போய்க்கொண்டிருப்பதால் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாகச் சாப்பாடு வேண்டும், ஆனால் இவர்களால்தான் சாப்பிட முடிவதில்லை. ரத்தசோகை அநேகமாக இருக்கும், ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்தை மாத்திரையாக வேண்டாம், சொட்டு மருந்தாகவோ சிரப்பாகவோ கேளுங்கள். மலச்சிக்கல் வந்தால் இளக்கும் மருந்து உடனே வேண்டும். மலம் கெட்டியாகப் போனால் ஆசனவாய் கிழியும், வலிக்குப் பயந்து பிள்ளை சாப்பிடுவதையே நிறுத்திவிடுவான். எத்தனையோ வீட்டில் இதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி விரல்கள். ஏழு வயதில் இரண்டு விரல்கள் ஒட்டத் தொடங்கிவிட்டன என்றால் மற்றவற்றுக்கும் காலம் நெருங்குகிறது. விரலிடுக்கில் இரண்டு பக்கமும் புண் பட்டு, இரண்டு பச்சைப் புண்ணும் ஒன்றையொன்று தொட்டபடி ஆறுகின்றன. அப்படி ஆறினால் நடுவில் ஒரு தோல்பாலம் விழும். பிறகு விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடங்கும். விட்டுவிட்டால் கை முழுதும் ஒரு உறைக்குள் இருப்பது மாதிரி மூடிக்கொள்ளும். இதில் எலும்புக்கோ மூட்டுக்கோ பழுது இல்லை. ஆகவே புத்தூர் கட்டு வேண்டாம். அது எலும்பு முறிவுக்கான வைத்தியம். பச்சிலை தடவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால், அவிழ்க்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும். உங்கள் வீட்டுக்காரரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது வேறு கட்டு. பாரஃபின் தடவிய வலைத்துணியை விரல்கடை அகல நாடாவாக வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஒன்று என்று உள்ளங்கையிலிருந்து புறங்கைக்கு எடுத்து, அதற்கு மேல் மெல்லிய பஞ்சுச் சுருளால் விரல் விரலாகச் சுற்ற வேண்டும். இறுக்கக் கூடாது. விரல்கள் விரிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தாய் இதைச் செய்வதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மல்லிகை கட்டுகிறவர் கை மாதிரி ஓடியது. பத்து விரலுக்கும் இருபது நிமிடம்தான் ஆனது, பையன் தூங்கிக்கொண்டே இருந்தான். மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் செய்கிறார். இன்றைக்கும் அவன் பென்சில் பிடித்து எழுதுகிறான். ஏற்கெனவே ஒட்டிய விரல்களைக் கை அறுவை மருத்துவர் பிரித்துவிட முடியும். பிரித்தபின் ராத்திரியில், விரல்களை நீட்டிப் பிடிக்கும்படி அளவெடுத்துச் செய்த ஸ்பிளிண்ட் என்ற தாங்கியைப் போட வேண்டும், கட்டும் தொடர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் திரும்ப ஒட்டிவிடும். அதனால் அறுவைக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.

கொப்புளத்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் கொப்புளத்தைத் தொடாதே என்பார்கள். ஈ.பி.யில் அது தவறு. தையல் இல்லாத துணிக்கு நடுவில் தண்ணீர் நின்றால் பிரிவு பரவிக்கொண்டே போகும். புதிய ஊசிமுனையால், கொப்புளத்தின் தாழ்வான ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி, நீரை மெல்ல ஒற்றி எடுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் இயற்கை தந்த மூடுதுணி. அதற்குமேல் ஒட்டாத துணி, அதற்குமேல் பஞ்சுச் சுருள். பிளாஸ்டர் எங்கும் ஒட்டக் கூடாது. பழைய கட்டு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் உப்புத்தண்ணீரில் ஊறவிடுங்கள். பத்து லிட்டர் வாளிக்குத் தொண்ணூறு கிராம் உப்பு, எடைபோட்டுக் கரையுங்கள். அந்த அளவு நம் ரத்தத்தின் உப்புக்குச் சமம் என்பதால் எரியாது. வெறும் தண்ணீர்தான் எரியும். மஞ்சள், அரைத்த பச்சிலை, சாம்பல் எதுவும் வேண்டாம்.

புண்ணில் ஒட்டாத சிலிக்கோன் பஞ்சுத்துணிகள் மிக நல்லவை, விலையும் அதிகம். வசதி இல்லையென்றால் பாரஃபின் வலைத்துணி போதும். இன்னொன்று நம்மிடமே இருக்கிறது. தோல் உரியும் நோயாளிகளுக்கு வாழையிலைப் படுக்கை விரிப்பது இந்திய மருத்துவமனைகளில் பழக்கமான முறை. வழவழப்பு, குளிர்ச்சி, புண்ணில் ஒட்டாது. இட்லிப் பானையில் ஆவி காட்டி ஆறவைத்த இலையைப் படுக்கையில் விரிக்கலாம். நகரி வெயிலில், மின்விசிறியும் நின்றுபோன மத்தியானத்தில், அவனுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று பாருங்கள். வெயிலும் வியர்வையும் கொப்புளத்தைக் கூட்டும். திறந்த புண்மேல் இலையை நேரே வைப்பதை மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். சட்டையைத் தையல் வெளிப்பக்கம் வரும்படி புரட்டிப் போடுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். உட்காரவைத்து, அடியில் கைகொடுத்து, தலையணையோடு சேர்த்துத் தூக்குங்கள். பள்ளிக்கூடத்தில் இது ஒட்டுவாரொட்டி நோய் என்று யாராவது விலக்கினால், அது யாருக்கும் தொற்றாது என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி ஆசிரியரிடம் கொடுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை. தோலில் கொப்புளம் வரும் வேறு நோய்கள் உண்டு, உடலின் எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்கும் நோய்கள். அவற்றுக்கு ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்து. உங்கள் பையனுக்கு நோய் மரபணுவில் இருக்கிறது, ஸ்டீராய்டுக்கு அங்கே வேலை இல்லை. வளர்ச்சியைத் தடுக்கும், எலும்பைப் பலவீனமாக்கும், கிருமித் தொற்றுக்கு வழிவிடும். ஆனால் கவனம்! ஒரு வருடம் கொடுத்ததை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. குழந்தை மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். இதுவும் இந்த மாத வேலைதான்.

சரி, சர்ப்ப தோஷம், கிரகணம். கிரகணத்தன்று நீங்கள் வெளியே வந்ததற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு துளிகூட இல்லை. உங்கள் பையன் கருவாக உண்டான கணத்திலேயே இது முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் உண்டதோ உடுத்தியதோ நடந்ததோ எதையும் மாற்றியிருக்காது. இந்தப் பழியை இத்தனை வருடம் சுமந்திருக்கிறீர்கள் என்று நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

நடந்தது இதுதான். நம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படி, அதாவது இரண்டு நகல், இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப் பழுதுள்ள படி ஏதாவது ஒரு மரபணுவில் எல்லோரிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கும். உங்கள் தாத்தா, ஆயா இருவரில் யாரோ ஒருவரிடம் இந்த மரபணுவில் ஒரு பழுது இருந்திருக்கிறது. அது ஒரு கிளையில் உங்கள் அம்மா வழியாக உங்களுக்கு வந்தது, இன்னொரு கிளையில் உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது. நீங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டபோது இரண்டு கிளையும் ஒரு பிள்ளையிடம் வந்து சேர்ந்தன. பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும், ரத்தப் பரிசோதனை உறுதி செய்யும்.

தமிழ்நாட்டில் தாய்மாமன் உரிமை என்போம், மாமன் மகளை மணப்பதை எல்லைக்கு அந்தப் பக்கம் மேனரிகம் என்பார்கள். நெருங்கிய உறவில் கல்யாணம் நாட்டிலேயே அதிகமாக நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஆந்திரமும் சேர்த்தி. அக்காள் மகளை மணக்கும்போது எட்டில் ஒரு பங்கு மரபணு பிள்ளைக்கு இரண்டு படியும் ஒரே மூலத்திலிருந்து வந்து சேர வாய்ப்பு உண்டு. அத்தை மகள், மாமன் மகளை மணந்தால் அது பதினாறில் ஒரு பங்கு. மேனரிகத்தைவிடத் தாய்மாமன் கல்யாணம் இரட்டிப்பு நெருக்கம் என்பதை நம் ஊரில் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாமியார் உங்களுக்கு ஆயாவும்கூட. இந்த விஷயம் தெரிந்தபின் "பாம்பு சாபம் இல்லை, உன் ரத்தம்தான்" என்று அவரிடம் திருப்பிச் சொல்லாதீர்கள். அவருக்கும் தெரியாமல்தான் வந்தது. தாத்தாவிடமிருந்து வந்திருக்கவும் சம அளவு வாய்ப்பு இருக்கிறது. பழி ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறினால் பையனுக்கு ஒன்றும் கிடைக்காது. அந்தப் பாட்டி விரலுக்குத் துணி சுற்றக் கற்றுக்கொண்டால் உங்களுக்கு இன்னும் இரண்டு கை கிடைக்கும்.

அடுத்த பிள்ளை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு இந்த நோயோடு பிறக்க, நான்கில் இரண்டு உங்களைப் போல் ஒரு பழுதோடு நலமாகப் பிறக்க, நான்கில் ஒன்று பழுதே இல்லாமல் பிறக்க. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சீட்டு எடுக்கிறோம். ஆனால் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துப் பார்க்கலாம். அல்லது 16 வாரத்தையொட்டிப் பனிக்குட நீரில் பார்க்கலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பையனின் மரபணுவில் எந்த இடத்தில் பழுது என்று முன்பே கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்கே பல வாரங்கள் ஆகும். கர்ப்பமான பிறகு ஓடினால் நேரம் போதாது. எனவே பையன் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். கருவின் பாலினத்தைச் சொல்லத்தான் சட்டம் தடை செய்கிறது, மரபுநோய் பார்க்க அனுமதி உண்டு. நோய் இருப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வது என்பதை நீங்களும் வீட்டுக்காரரும்தான் முடிவெடுக்க வேண்டும். ஆயாவோ நானோ எடுக்கக் கூடாது.

தங்கை கல்யாணம். உங்கள் தங்கைக்கு அம்மாவிடமிருந்து பழுதுள்ள படி வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. கொழுந்தனாருக்கும் அதேபோல் இரண்டில் ஒன்று. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் பதினாறில் ஒன்று வருகிறது. சின்ன எண் மாதிரி தெரியும், ஆனால் இப்படிப்பட்ட ஒரு நோய்க்கு இது மிகப் பெரிய எண். பையனின் பழுது தெரிந்துவிட்டால் தங்கைக்கும் கொழுந்தனாருக்கும் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்த்தாலே போதும். இருவரில் ஒருவருக்கு இல்லையென்று வந்தால் இந்த நோயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முடிவு வரும்வரை தாம்பூலம் மாற்ற வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், முடிவு எப்படி வந்தாலும் வெளியில் வரன் பாருங்கள் என்பேன். இந்தப் பரிசோதனை பார்ப்பது ஒரு மரபணுவை மட்டும்தான்.

ஜெர்மனிப் பையன் செய்தி உண்மை. 2015-இல் அங்கே போஹும் (Bochum) என்ற நகரில் ஏழு வயதுச் சிரியச் சிறுவனுக்கு, அவன் தோல் செல்லையே எடுத்து, மரபணுவைச் சரிசெய்து, தாளாக வளர்த்து, உடலின் எண்பது சதவீதத் தோலை மாற்றினார்கள். அவனுக்கு இருந்தது ஈ.பி.யில் வேறு வகை, வேறு மரபணு. உங்கள் பையனின் வகைக்கென்று 2023 மே மாதம் அமெரிக்காவில் வைஜுவெக் என்ற ஜெல் அனுமதி பெற்றது. பழுதில்லாத மரபணுவை, தீங்கில்லாமல் மாற்றிய வைரஸில் ஏற்றிப் புண்மேல் வாரம் ஒருமுறை சொட்டுவிடுவார்கள். நோயாளியின் தோலையே திருத்தி ஒட்டும் சிகிச்சை ஒன்றும் 2025 ஏப்ரலில் அங்கே அனுமதி பெற்றது. விலை நாம் நெருங்கக்கூடியதாக இல்லை. இவை இரண்டும் தோலுக்குத்தான், உணவுக்குழாய்க்குள் போவதில்லை. தழும்பைக் குறைக்க லோசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. வாட்ஸாப்பில் படித்துவிட்டுக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். யாராவது ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணமாக்குகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சொல்லாமல் விடக் கூடாத ஒன்று. பல வருடம் புண்ணாகி ஆறிய தழும்பில் தோல் புற்றுநோய் வரலாம், இந்த வகை கடுமையாக உள்ளவர்களுக்குப் பதின்வயது முடியும் முன்பேகூட. ஒரு மாதமாக ஆறாத புண், மேடாகத் தடிக்கும் புண், திடீரென்று அதிகம் வலிக்கும் புண் என்றால் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். பத்து வயதிலிருந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல் முழுதும் தோல் மருத்துவர் பார்க்கட்டும். இப்போதைக்கு இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே போவது? உங்களுக்குக் கிட்டத்தில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. அங்கே தோல் பிரிவும் மரபியல் பிரிவும் குழந்தைகள் அறுவைப் பிரிவும் இருக்கின்றன. ஹைதராபாத்தில் சி.டி.எஃப்.டி. என்ற மத்திய அரசு நிறுவனத்தில் மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள், ரத்தத்தை மருத்துவமனையிலிருந்தே அனுப்பலாம். உங்கள் ரேஷன் அட்டை ஆந்திரத்துடையதா தமிழ்நாட்டுடையதா என்று எழுதவில்லை. எல்லையில் அது பெரிய விஷயம், காப்பீடு அந்த மாநிலத்துடையதுதான். கிளம்பும் முன் உங்கள் அட்டை அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். கை விரல் குறைபாட்டுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் விண்ணப்பியுங்கள்.

பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும், பிறந்தபோது எடுத்த புகைப்படம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே ரத்தம் எடுப்பார்கள். எடுத்து முடித்ததும் பஞ்சை வைத்து பிளாஸ்டர் ஒட்ட நர்ஸ் வருவார், அது அவர் கைப்பழக்கம். "ஒட்ட வேண்டாம் சிஸ்டர், துணி சுற்றிக்கொள்கிறேன்" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள். கையில் கட்டும் ரப்பர் பட்டைக்கு அடியிலும் ஒரு மெத்தென்ற துணியை நீங்களே மடித்து வைத்துவிடுங்கள்.